நடுவில் இருந்த பொட்டு

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். டேப்பில், அதாவது டேப்லெட்டில், பேனா எப்படி எழுதுகிறது என்று யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் விழிப்பேன். பொருள்கள் பேசியதை உன் காதால் கேட்டாயா என்று கேட்டால் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் மாடி வீட்டில் நடந்ததைக் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். அவை பேசாமல் இருந்திருந்தால் அப்படி நடந்திருக்காது. எங்கேயாவது பிசகினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டில் ஒரு டேப்பும் ஒரு பேனாவும் இருந்தன.

சங்கரன்கோவிலில் எங்கள் மாடியில் குடியிருக்கும் ஆவுடைச்செல்வியின் வீடு அது. கல்யாணப் பெண்களின் ரவிக்கைக்கு ஆரி பூத்தையல் மாதிரி வரைந்து கொடுப்பது அவள் தொழில். அவள் வரைந்ததை வைத்து நான் தைப்பேன். டேப்புக்குச் சிலேட்டு மாதிரி கண்ணாடி முகம். பேனாவுக்கு மை கிடையாது. அது கண்ணாடியைத் தொட்டால் கோடு விழும். வரையாத நேரத்தில் அது டேப்பின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். காந்தம் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒட்டிக் கிடந்தால்தான் டேப்பிடமிருந்து பேனாவுக்குச் சார்ஜ் ஏறும். அது சாப்பிடும் இடமும் தூங்கும் இடமும் அதுதான்.

ஆயுத பூஜை வந்தது. எதிர் வீட்டிலிருந்து வடிவம்மை வந்தாள். ஆவுடையின் வீட்டுக்காரருக்கு உடன்பிறந்த அக்காள். பொட்டு வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கிரைண்டருக்கு வைப்பாள், ஸ்கூட்டருக்கு வைப்பாள், தண்ணீர் மோட்டாரையும் விட மாட்டாள். கத்தரிக்கோல், ஆரி ஊசி, இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு டேப்பிடம் வந்தபோது மட்டும் கொஞ்சம் யோசித்தாள்.

"கண்ணாடியில வச்சா கறை பிடிச்சிரும், பாவம்."

அதனால் விளிம்பில் சந்தனத்தைக் கெட்டியாக வைத்து, குங்குமம் தொட்டாள். பேனாவையும் விடவில்லை. உருட்டி உருட்டிப் பார்த்து, தட்டையான பக்கத்தைக் கண்டுபிடித்து அங்கே வைத்தாள். பூஜை முடிந்ததும் பேனாவை விளிம்பில் சாய்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் விஜயதசமி. ஆவுடை பேனாவை எடுத்தாள். அது எழுதவில்லை.

பூஜைக்கு முன்னால் வரைந்த ஒரு கொடி கண்ணாடியில் பாதியில் நின்றது. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அந்த மாதிரியைப் பெண் வீட்டாருக்கு அனுப்பியாக வேண்டும். "இது இன்னைக்குள்ள சரியாகலேன்னா டிராயர்ல தூக்கிப் போட்டுட்டு வேற பேனா வாங்கிர வேண்டியதுதான்" என்று என்னிடம் சொன்னாள்.

பேனாவுக்கு அது கேட்டது. மேஜை டிராயரை அதற்குத் தெரியும். அறுந்த சார்ஜரும் செத்துப்போன மவுசும் அங்கேதான் கிடந்தன. உள்ளே போனது எதுவும் திரும்பி வந்ததில்லை.

"அண்ணாச்சி" என்று டேப்பைக் கூப்பிட்டது பேனா. "நான் இங்கதான் இருக்கேன்."

டேப்புக்குக் கேட்கவில்லை. பேனாவின் குரலில் உயிர் இல்லை. பக்கத்தில் கிடந்த கத்தரிக்கோலுக்கு மட்டும் லேசாகக் கேட்டது.

"அவன் உங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான், காதுல விழலையா?" என்றது கத்தரிக்கோல்.

"விழுந்தா பேச மாட்டேனா? ராத்திரி பூரா ஊட்டுனேன். ஒரு வாய் வாங்கல. அவனுக்கு என்ன கோபமோ."

"நீங்க ஊட்டவே இல்லைங்கான்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"எனக்கு எதுக்குங்க வம்பு. வெட்டச் சொன்னா வெட்டுவேன். ஒட்டுற வேலை நமக்கு வராது" என்று கத்தரிக்கோல் வாயை மூடிக்கொண்டது.

ஆவுடை சும்மா இருக்கவில்லை. டேப்பை அணைத்துப் போட்டாள். புளூடூத்தை நிறுத்திப் போட்டாள். பேனாவின் மூக்கைத் திருகிக் கழற்றி, ஊதி, மறுபடி திருகினாள். பேனாவுக்குத் தும்மல் வந்ததே தவிர குரல் வரவில்லை. கடைசியில் போனில் தங்கச்சியிடம் கேட்டு, டேப்பில் ஒரு இடத்தைத் திறந்தாள். கண்ணாடியில் ஒரு கேள்வி வந்தது.

இந்தப் பேனாவை மறந்துவிடவா?

ஆவுடையின் விரல் அங்கேயே நின்றது. "ஆமான்னு குடுக்கணுமாம் அக்கா. மறந்தாத்தான் புதுசா சேர்க்க முடியுமாம்" என்றாள் என்னிடம். "பார்த்துச் செய்யி, மறந்தது மறந்ததாவே போயிறப் போகுது" என்றேன். அவள் அழுத்திவிட்டாள்.

டேப் மறந்துவிட்டது. பிறகு வீடு முழுக்கத் தேடியது. போன் கிடைத்தது, எதிர் வீட்டு டிவி கூடக் கிடைத்தது. பேனா கிடைக்கவில்லை.

தன் விளிம்பிலேயே இருந்தும் கிடைக்கவில்லை.

"என்னைத் தெரியலையா அண்ணாச்சி?" என்றது பேனா.

அப்போது விளிம்பிலிருந்து ஒரு முனகல் வந்தது. "ரெண்டு பேரும் என்னை நெரிக்கிறீங்க. மூச்சு முட்டுது."

"யாருப்பா அது நடுவுல?" என்றது கத்தரிக்கோல்.

"பொட்டு."

"ஓ, பொட்டா. அப்ப சரி" என்று கத்தரிக்கோல் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. அதன் நெற்றியிலும் ஒன்று இருந்தது.

பொட்டு எல்லார் கண்ணிலும்தான் பட்டது. ஆவுடையும் பார்த்தாள். பேனாவைத் துடைக்கத் துணியை எடுத்தவள், பொட்டு வரைக்கும் வந்து கையை இழுத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் பூஜைப் பொட்டைக் கையால் அழிக்க மாட்டோம். அது தானாக உதிர வேண்டும். அதுவும் விஜயதசமி அன்று யார் அழிப்பார்கள்? நானாக இருந்தாலும் செய்திருக்க மாட்டேன். பொட்டைச் சுற்றி மட்டும் சுத்தமாகத் துடைத்துவிட்டு வைத்தாள்.

வெயில் சாய ஆரம்பித்தது. ஆவுடை டிராயரைத் திறந்தாள்.

"எடம் இருக்கு, வா தம்பி" என்று உள்ளிருந்து கூப்பிட்டது அறுந்த சார்ஜர்.

அந்த நேரம் பார்த்து வடிவம்மை சுண்டல் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள்.

"என்ன தாயி, மூஞ்சி இப்படி இருக்கு?"

"பேனா செத்துப்போச்சு மதினி."

"நாளுங்கிழமையுமா என்ன பேச்சு பேசுத. கொண்டா இங்க."

வடிவம்மைக்கு டேப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பேனா விளிம்பில் ஒட்டும்போது வரும் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். வந்த நேரமெல்லாம் எடுத்து எடுத்து ஒட்ட வைத்துப் பார்ப்பாள். இப்போதும் வைத்தாள். சத்தம் வரவில்லை. பேனா ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது.

"முன்ன டக்குனு பிடிக்குமே" என்று குனிந்து பார்த்தாள். பேனாவில் ஒரு பொட்டு, விளிம்பில் ஒரு பொட்டு, இரண்டும் காய்ந்து கல்லாக முட்டிக்கொண்டு நின்றன. வடிவம்மை சிரித்துவிட்டாள்.

"ஏ ஆவுடை, நடுவுல நான்ல உட்கார்ந்திருக்கேன். நாத்தனா நடுவுல வந்தா வெளங்குமா?"

"அது பொட்டுல்லா மதினி. அழிக்கலாமா?"

"வச்ச கைக்கு எடுக்கவும் உரிமை உண்டு."

முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, குழந்தைக்கு முகம் துடைப்பது போல இரண்டையும் துடைத்தாள். உதிர்ந்த சந்தனத்தையும் வீணாக்கவில்லை. குழைத்துத் தன் கழுத்தில் பூசிக்கொண்டாள்.

"அப்பாடா" என்றது பொட்டு. "நான் தடுக்கணும்னு வரல. நல்லாருக்கட்டும்னுதான் வந்தேன்."

பேனா விளிம்பில் போய் டக்கென்று ஒட்டியது. நாங்கள் மூன்று பேரும் சுண்டலைத் தின்றுகொண்டு கண்ணாடியையே பார்த்தோம். கிண்ணம் காலியாகும் நேரத்தில் ஒரு கேள்வி வந்தது.

பக்கத்தில் ஒரு பேனா இருக்கிறது. சேர்த்துக்கொள்ளவா?

ஆவுடை அழுத்தினாள்.

"யாருப்பா நீ?" என்றது டேப்.

பேனாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ராத்திரி பட்டினி கிடந்தது, மூக்கைத் திருகியது, டிராயர் திறந்தது. ஒன்றையும் சொல்லவில்லை.

"பேனா" என்றது.

"இங்க ஒரு கொடி பாதியில நிக்குதே. யார் போட்டது?"

"நாம ரெண்டு பேரும்தான் அண்ணாச்சி. மீதி எனக்குத் தெரியும். முகத்தைக் காட்டுங்க."

கொடி விட்ட இடத்திலிருந்து ஓடியது. இரண்டு இலை விட்டு, ஒரு மொட்டு வைத்து, ரவிக்கையின் கைப்பட்டி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. விளக்கு வைக்கும்போது ஆவுடை அதை அனுப்பிவிட்டு டிராயரைச் சாத்தினாள்.

நான் கீழே இறங்கி வந்தேன். என் தையல் மெஷினுக்கும் முந்தின நாள் பொட்டு வைத்திருந்தேன், ஊசிக்குப் பக்கத்தில். துடைக்கவும் பயம், விடவும் பயம். வைத்தது என் கைதானே என்று கடைசியில் சாமியை ஒரு தடவை கும்பிட்டுவிட்டு ஈரத்துணியால் எடுத்தேன். அந்தச் சந்தனத்தை மெஷினின் மரமூடியில் வைத்து, குங்குமமும் தொட்டேன். இப்போது வருஷா வருஷம் மூடிக்குத்தான் பொட்டு.