நூற்றுத்தொண்ணூறு சட்டைகள்

கையால் சுற்றும் பழைய மையவிலக்கு எந்திரம் நிற்கப்போகும் நேரத்தில் மெல்ல முனகும். முப்பது வருடத்துக்கு முன், ஒரு சிற்றூர் அரசு மருத்துவமனையில், ஆய்வக நுட்பநராகச் சேர்ந்த சேவியர் முதன்முதலாகக் கேட்ட சத்தம் அது. முனகல் அடங்கியதும் குழாயின் அடியில் தங்கிய வண்டலில் ஒரு சொட்டெடுத்து நுண்ணோக்கியில் வைப்பார். பாதியாக அரிந்த பேரிக்காய் போல ஓர் உருவம், அதில் இரண்டு கண்கள். குழந்தைகளின் வயிற்றைக் கெடுக்கும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி.

மருந்து வாங்கிப்போன குழந்தை இரண்டு மாதத்தில் திரும்ப வரும். அதே பேர், அதே சீட்டு, அதே கண்கள்.

"போன தடவை பார்த்த கிருமிதானே, உடம்புக்கு ஏன் அடையாளம் தெரியல?" என்று சேவியர் மருத்துவரிடம் கேட்டார்.

"அடுத்த சீட்டைப் பாருங்க" என்றார் மருத்துவர்.

அந்தக் கேள்வியோடு ஐம்பதாவது வயதில் சம்பளமில்லா விடுப்பு எடுத்து முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தார். வழிகாட்டி மங்கையர்க்கரசி அவரைவிடப் பதினோரு வயது இளையவர். சேவியர் அவரை மேடம் என்பார், அவர் சேவியரைச் சார் என்பார். எந்தக் கேள்விக்கும் அந்த மேடம் நேராகப் பதில் சொல்லமாட்டார் என்பது மாணவர்களின் நிரந்தரப் புகார்.

அந்த ஒட்டுண்ணியிடம் மேலே போர்த்திக்கொள்ள நூற்றுத்தொண்ணூறு புரதச் சட்டைகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் போட்டுக்கொள்ளும். உடம்பு அதை அடையாளம் கண்டு துரத்துவதற்குள் வேறொன்றுக்கு மாறிவிடும். ஆனால் எல்லாச் சட்டைக்குமான குறிப்பையும் அது ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கிறது. ஆர்.என்.ஏ. என்னும் துண்டுச் சீட்டுகளில். உள்ளே இருக்கும் ஒரு கத்தரி, ஒரு சீட்டை விட்டுவிட்டு மற்ற அத்தனையையும் நறுக்கிப்போடும்.

வாயடைக்கிறவனின் வாயையே அடைத்தால் என்ன ஆகும்? சேவியர் ஐந்து மாதம் பாடுபட்டுக் கத்தரியின் மரபணுவை ஊமையாக்கினார். பிறகு நான்கு சட்டைகளுக்கு நான்கு நிறச் சாயம் போட்டுப் பார்த்தார்.

அன்று காலை மேடத்தின் அறைக்கு வந்தபோது சேவியர் கையில் ப்ளீச்சிங் நெடி அடித்தது.

"கிருமி வளர்ப்பு கெட்டுப்போச்சு மேடம். அத்தனையையும் அழிச்சிட்டேன். உறைய வச்ச குப்பிகளையும் சேர்த்து."

"என்ன பார்த்தீங்க?"

"ஒரே செல்லுல நாலு நிறமும் வந்துச்சு. சாயம் சரியா கழுவலையோ, வேற எதுவும் கலந்துடுச்சோ..."

"கழுவாத சாயம்னா கண்ணாடி பூரா அப்பியிருக்கும். அப்பியிருந்துச்சா?"

"இல்ல. செல்லோட விளிம்புல மட்டும்தான்."

"விளிம்புல என்ன இருக்கு சார்?"

சேவியர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"சட்டை" என்றார்.

"எல்லாச் சட்டையும்" என்றார் மேடம்.

சேவியர் தன் கையைப் பார்த்தார். கறைபட்ட கண்ணாடியை இருபது வருடமாக உடனுக்குடன் கிருமிநாசினி வாளியில் போட்டுப் பழகிய கை. சந்தேகப்பட்டதை வைத்திருக்கத் தெரியாத கை.

"உங்க கையில ப்ளீச்சிங் பாட்டிலைக் குடுத்தவளை உதைக்கணும்" என்றார் மேடம்.

"நீங்கதான் குடுத்தீங்க மேடம்."

"அதான் சொல்றேன்."

மறுபடி செய்ய ஐந்து மாதம் வேண்டும். பதிவுக்காலம் முடிய பத்து வாரம்தான் இருந்தது. நீட்டிப்பு கிடைக்காவிட்டால் பட்டம் இல்லை. மங்கையர்க்கரசி தாளை இழுத்து டீனுக்கு எழுதத் தொடங்கினார்.

எழுதினார், கிழித்தார். மறுபடி எழுதினார், கிழித்தார். மூன்று கடிதங்கள் கிழிந்தன. நான்காவதை மடித்து உறையில் வைத்தார்.

சேவியருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்த நேரத்திலும் கேள்விதான் வந்தது.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? அனுப்பப்போறது ஒரே சீட்டு. மத்ததை எதுக்கு அந்தக் கிருமி எழுதணும்? எழுதி எதுக்குக் கிழிக்கணும்?"

மேடம் கிழிந்த துண்டுகளை அவர் பக்கம் தள்ளினார். "படிங்க."

சேவியர் துண்டுகளைப் பொருத்திப் படித்தார். ஒன்றில், மாணவரின் அவசரத்தால் வேலை அழிந்தது என்று இருந்தது. ஒன்றில், மேற்பார்வையில் தவறியது நான் என்று இருந்தது. மூன்றாவதில், கண்டுபிடிப்பு கைக்கு வந்தது, சான்று எதுவும் மிஞ்சவில்லை என்று இருந்தது.

"இதுல எது பொய்?"

"ஒண்ணும் பொய் இல்ல மேடம்."

"உறையில இருக்கிறதும் பொய் இல்ல. ஆய்வு எதிர்பார்த்ததைவிட நீளுது, ஆறு மாசம் தேவை. அவ்வளவுதான். இதுக்கு டீன் மசியலைன்னா நாளைக்கு வேற ஒண்ணு கையில இருக்கும். நான் புதுசா உக்காந்து யோசிக்க வேண்டாம்."

சேவியர் ஏதோ புரிந்ததுபோல் தலையசைத்தார். பிறகு எழுந்து ஆய்வகத்துக்குள் போய், கிருமி நீக்கும் கொதிகலனில் வைக்கும் பொட்டலங்களுக்கு ஒட்டும் கோடு போட்ட டேப்பை எடுத்துவந்தார். துண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒட்டினார். அவசரத்தில் ஒரு கடிதம் கோணலாகிவிட்டது. மூன்றையும் உறைக்குள் நான்காவதோடு வைத்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"அனுப்புறேன்."

"எல்லாத்தையுமா? டீன் சிரிப்பார்."

"சிரிக்கட்டும். அந்தப் பிள்ளைங்க வயித்துல இது ஒவ்வொரு சட்டையா மாத்தி மாத்தித்தான் இத்தனை வருஷம் பிழைச்சிருக்கு. அந்தப் பிழைப்பு எனக்கு எதுக்கு மேடம்?"

மங்கையர்க்கரசி உறையைச் சுட்டிக்காட்டினார்.

"எல்லாச் சட்டையும் போட்டுக்கிட்டுப் போனா, இன்னார்னு தெரிஞ்சுபோயிடும் சார். அப்புறம் தப்பிக்க முடியாது."

சேவியர் நாக்கால் பசையை நனைத்து உறையை ஒட்டினார்.

நீட்டிப்பு கிடைக்கவில்லை. சேவியர் ஜூன் மாதம் வேலைக்குத் திரும்பினார். ஐந்து வருடம் கழித்து, முதுநிலை ஆய்வக நுட்பநராக, பட்டமில்லாமல் ஓய்வு பெற்றார்.