மண் மணக்கத் தொடங்கிய மழைநாள்

மரமும் பறவையும் புழுவும் பூச்சியும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் மண்ணுக்கு மணம் கிடையாது. பாறைமேல் பெய்வதைப் போலத்தான் மழை நிலத்தின்மேலும் பெய்துவிட்டுப் போகும்.

ஒவ்வோர் உயிருக்கும் மண்மகள் ஒரு வரம் கொடுத்து வந்தாள். மயில் தோகையை வாங்கிக்கொண்டது. சில்வண்டு குரலை வாங்கிக்கொண்டது. பூசணம் பறக்கும் வரத்தை வாங்கிக்கொண்டு, பொடிப்பொடியாகக் காற்றில் ஏறி ஊர் ஊராகப் போயிற்று. இறங்கிய இடத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் படர்ந்தது.

வரத்தை வாங்காமல் வைத்திருந்தவர்கள் மண்ணுறைவோர் மட்டுமே. ஒரு கடுகின் நிழலில் அவர்களுடைய ஊர் ஒன்றே அடங்கிவிடும். கால் இல்லை, சிறகு இல்லை. யார் கண்ணிலும் படுவதும் இல்லை. உதிர்ந்த இலையை மக்கவைத்து வேருக்கு ஊட்டுவார்கள்; வேர் கசியவிடும் இனிப்பை உண்பார்கள். அவர்களுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. மழைக்குத் தரையில் ஊரும் பட்டுப்பூச்சியைப் போலச் செக்கச்சிவந்த நிறம் வேண்டும், நான்கு பேர் குனிந்து பார்க்க வேண்டும். மழை வந்ததும் கேட்பதென்று முடிவு செய்திருந்தார்கள்.

அந்த மண்ணின்மேல் மனிதர்கள் வாழ்ந்த ஓர் ஊரில் சிலம்பாயி என்றொரு பெண் துவரை விளைவித்து வந்தாள். அவள் வீட்டில் ஒரு தூசு தங்காது. விளைச்சல் பொய்த்த அந்த ஆண்டில் ஊருக்கே ஒரு பானை விதைதான் மிஞ்சியது. அதை அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். சிலம்பாயி அந்தத் துவரையை மண் போகத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, பானையில் இட்டு உறியில் தொங்கவிட்டாள்.

“அழுக்கு ஒட்டினா விதை கெட்டுப்போகும்” என்று பெருமையாகச் சொன்னாள். அவள் செய்த பிழை அதுதான்.

விதைப்பதற்கு முன்பே அடைமழை பிடித்துக்கொண்டது. வயல் குளமாயிற்று. காற்றோடு வந்த பூசணம் உறிப் பானைக்குள் இறங்கியது. மேலே கிடந்த துவரையில் வெள்ளை இழை ஓடியது.

“கீழே இருக்கிறீர்களா, காலில்லாதவர்களே?” என்று கூவியது பூசணம். “ஊரின் கடைசி விதையை உண்கிறேன். முடிந்தால் ஏறி வந்து தடுங்கள்!”

மண்ணுக்குள் அனைவரும் ஒன்றுகூடினார்கள். விதை இல்லாவிட்டால் வேர் இல்லை. வேர் இல்லாவிட்டால் மேலே இருப்பவர்களுக்கும் உணவில்லை, கீழே இருப்பவர்களுக்கும் உணவில்லை. அவர்களுள் மூத்தவளான துகளி மண்மகளை அழைத்தாள்.

“நிறம் கேட்கத்தானே அழைத்தாய்?” என்றாள் மண்மகள்.

“இல்லை, தாயே. எங்கள் மூச்சு காற்றில் ஏறிப்போக வேண்டும். அது போய்ச் சேரும் இடத்தில் பூசணம் வளராமல் நிற்க வேண்டும்.”

“தருகிறேன். ஆனால் இரண்டாவது வரம் கிடையாது. இனி எக்காலத்திலும் உங்களை ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.”

இளையவன் ஒருவனுக்குப் பொறுக்கவில்லை. “துகளியக்கா, பட்டுப்பூச்சியிடம் நாளைக்கே வருகிறோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்! இவ்வளவு செய்தும் நாம்தான் செய்தோம் என்று யாருக்குத் தெரியப்போகிறது?”

“பூசணத்துக்குத் தெரியும்” என்றாள் துகளி. “அது போதும்.”

அவள் முதல் மூச்சை விட்டாள். பிறகு அவன் விட்டான். பிறகு அந்த நிலத்தில் இருந்த அத்தனை பேரும் விட்டார்கள். மழைத்துளி மண்ணில் மோதித் தெறிக்கும்போதெல்லாம் அந்த மூச்சு எழுந்து, வாசலைக் கடந்து, உறியை எட்டிப் பானைக்குள் இறங்கியது. நீண்டுகொண்டிருந்த வெள்ளை இழைகள் அப்படியே நின்றன.

“யார் என்னைப் பிடித்தது?” என்று அலறியது பூசணம்.

“யாரும் பிடிக்கவில்லை” என்றது கீழிருந்து வந்த குரல். “எங்களுக்குத்தான் காலே இல்லையே!”

மழை சற்று ஓய்ந்ததும் சிலம்பாயி பானையை இறக்கினாள். மேல்பாதி வெளுத்திருந்தது. கையை விட்டுத் துழாவினாள். கீழ்ப்பாதித் துவரை கல்லைப் போலக் கெட்டியாக இருந்தது. அப்போதுதான் கெடாத அந்த விதைகளிலிருந்து ஒரு மணம் எழுவதை உணர்ந்தாள். அது பூவுடையதும் அல்ல, புகையுடையதும் அல்ல. அதைத் தேடிக்கொண்டே வாசலுக்குப் போய் மண்டியிட்டு, தரையில் மூக்கை வைத்தாள். அதே மணம்.

கணவன் பெருமன் சிரித்துவிட்டான். “என்ன புள்ள, தூசு பட்டாலே தும்முறவ மண்ணை மோந்து பாக்குற?”

“சிரிக்காதீங்க. நம்ம விதையைக் காப்பாத்துனது இதுதான். இதைப் போயி அழுக்குன்னு கழுவித் தள்ளினேனே!”

வெயில் வந்ததும் அவள் செம்மண்ணைக் கரைத்தாள். மிஞ்சிய துவரையை அதில் புரட்டி, ஒவ்வொரு விதைக்கும் சிவப்புச் சட்டை போட்டதுபோல் காயவைத்து எடுத்தாள். வயல் வடிந்ததும் விதைத்தாள். ஒன்றுகூடப் பழுதாகவில்லை. வெயிலில் சிவந்து காய்ந்தபோதே அந்த விதைகளை ஊரே குனிந்து பார்த்திருந்தது. தாங்கள் கேட்காமல் விட்ட நிறம் அது என்று கீழே இருந்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

பூசணத்தின் காலம் மழைக்காலம். ஆகவே மழை தொட்டவுடன் மண்ணுறைவோர் மூச்சை விட்டுவிடுகிறார்கள். அவர்களை நாம் கண்டதில்லை. ஆனால் முதல் தூறலில் வேலையை நிறுத்தி, முகத்தை உயர்த்தி, அந்த மூச்சை நெஞ்சு நிறைய இழுக்காதவர் யார்? துவரை விதை செம்மண் கட்டிக்கொண்டு குதிருக்குள் போவதும், மழை விழுந்ததும் மண் மணப்பதும் அந்த அடைமழை நாள் தொட்டுத்தான்.