நடுவில் ஒரு வரி

தாணுமாலயனுக்கு நாற்பத்தொன்பதாவது வயதில் ஒரு குரு கிடைத்தார். அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பெயர் ரெக்ஸ்லின். இருவருக்கும் நாகர்கோவிலில் ஆறு பேர் வேலை செய்யும் சின்ன மென்பொருள் அலுவலகம் ஒன்றில் வேலை. அங்கே ஜாவா என்ற கணினி மொழி கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கெல்லாம் ரெக்ஸ்லின்தான் டீச்சர். டீச்சர் தாணுமாலயனை அண்ணாச்சி என்பார்.

புயலில் வீடிழந்த கடற்கரைக் குடும்பங்களுக்கு ஓர் அறக்கட்டளை வீடு கட்டிக் கொடுத்தது. அதற்கான விண்ணப்பப் படிவம்தான் தாணுமாலயன் செய்த முதல் வேலை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பழைய பட்டியலில் உள்ள பெயர்கள் வரிவரியாகத் திரையில் வரும். பிள்ளை பிறந்திருந்தால் 'சேர்' என்ற பட்டன். அழுத்தினால் புது வரி முளைக்கும். யாராவது இறந்திருந்தால் 'நீக்கு'. எத்தனை பேரோ, அதற்கேற்ற வீடு.

முதல்முறை வரி முளைத்த அன்று அவர் அலுவலகத்தையே கூப்பிட்டுக் காட்டினார்.

"ஒரு தேங்காய் உடைச்சிருவோமா அண்ணாச்சி?" என்றார் டீச்சர்.

புது வீடுகளின் சாவிகள் கொடுத்து மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அறக்கட்டளைக்கு எழுதியது, அவர்கள் அதை இங்கே அனுப்பியிருந்தார்கள்.

'எங்கள் வீட்டில் ஐந்து பேர். மாமியார், நான், மூன்று பிள்ளைகள். உங்கள் கம்ப்யூட்டரில் மாமியார் மட்டும் இருக்கிறாராம். ஒற்றை அறை வீடு கொடுத்திருக்கிறார்கள். நான் என் வீட்டுக்காரர் பெயரை மட்டும்தான் எடுத்தேன். வேறு எதையும் தொடவில்லை. இப்படிக்கு, சூசைமரியாள்.'

தாணுமாலயன் காலை முழுக்கத் தான் எழுதிய நிரலைப் படித்தார். சாப்பிடப் போகவில்லை. மதியம் டீச்சரின் மேஜை முன் வந்து நின்றார்.

"கண்டுபிடிச்சிட்டேன் டீச்சர்."

"சொல்லுங்க."

"ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் கொடுத்தேன். பூஜ்யம், ஒண்ணு, ரெண்டுன்னு. நடுவில ஒரு வரியை எடுத்தா அந்த எண் போயிரும். மத்த எண்ணெல்லாம் அப்படியே இருக்கும்."

"சரி."

"சர்வர்ல நான் பூஜ்யத்திலேர்ந்து வரிசையா வாங்கிட்டு வாரேன். ஒரு எண் இல்லைன்னா, பட்டியல் முடிஞ்சுதுன்னு நின்னுடுறேன்."

"அந்தம்மா வீட்டுக்காரருக்கு என்ன எண்?"

"ஒண்ணு. மாமியார் பூஜ்யம். அவங்களோட நின்னுட்டேன்."

டீச்சர் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாம வச்சிருக்கிற ரெடிமேட் ஃபிரேம்வொர்க்கே எல்லா வரியையும் சேர்த்துக் கையில கொடுக்குமே. நீங்க ஏன் எண்ணுனீங்க?"

"அது உள்ளே என்ன செய்யுதுன்னு எனக்குப் புரியல. நானே எழுதினா நிம்மதின்னு நினைச்சேன்."

"எத்தனை குடும்பம்?"

"பழைய பட்டியலோட ஒத்துப் பார்த்தேன். நாப்பத்தி மூணு. எல்லாமே சாவு விழுந்த வீடு டீச்சர். சேர்த்தவங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

"சரி செஞ்சாச்சா?"

"ஒரே இடம்தான். பத்து நிமிஷம்கூட ஆகல."

"வீடு ஏதாவது மிச்சம் இருக்கா?"

"கேட்டேன். ஒண்ணும் இல்லியாம்."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் யாரோ டீ சொன்னார்கள்.

"நூறு தடவை சேர்த்துப் பார்த்தேன் டீச்சர். கடைசி வரியை நீக்கியும் பார்த்தேன். நடுவில எடுத்துப் பார்க்கணும்னு எனக்கு ஏன் தோணல?"

டீச்சர் தன் கணினியை அவர் பக்கம் திருப்பினார். படிவத்தைத் திறந்தார்.

"உங்க வீட்டை எழுதுங்க."

அவர் உட்கார்ந்து எழுதினார். அப்பா, அம்மா, தான், மனைவி, மகள்.

"எல்லாரும் இருக்காங்களா?"

"அம்மா போன ஐப்பசியில..."

"எடுங்க."

சுட்டி 'நீக்கு' வரை போய் நின்றது.

"நிஜமாவா டீச்சர்?"

"படிவம் அதைத்தானே கேக்குது."

அவர் அழுத்தினார். வரி போனது. கீழே இருந்தவர்கள் ஒரு படி மேலே ஏறி, இடைவெளியே இல்லாமல் நின்றார்கள். இப்படிக் கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்க வேண்டுமென்று அவர் இரண்டு நாள் உழைத்திருந்தார்.

சுட்டியிலிருந்து கையை எடுத்தார்.

"இதை முதல்லயே என்னைச் செய்ய வச்சிருக்கலாம் நீங்க."

"வச்சிருக்கலாம்."

டீச்சர் நாற்பத்து மூன்று முகவரிகளையும் அச்சிட்டு எடுத்துவந்து அவர் முன் வைத்தார்.

"நாளைக்குக் காலையில சூசைமரியாள் வீட்டுக்குப் போறோம். அப்புறம் மத்தவங்க."

"போய் என்ன சொல்றது? காலி வீடே இல்லையே."

"நீங்க எழுதினதை நீங்க சொல்லுங்க. நான் சோதிச்சதை நான் சொல்றேன்."

"நீங்க எப்படிச் சோதிச்சீங்க?"

டீச்சர் தாள்களின் ஓரத்தை ஒழுங்காகத் தட்டி அடுக்கினார்.

"எங்க வீட்டு ஆட்களைத்தான் எழுதிப் பார்த்தேன் அண்ணாச்சி. நடுவில தம்பி பேரு. கடலுக்குப் போய் நாலு வருஷம் ஆச்சு, திரும்பி வரல. எடுக்க மனசு வரல. அதனால கடைசியில சும்மா ஒரு பேரைச் சேர்த்து, அதை நீக்கிப் பார்த்துட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டேன்."