‘கொடு’வுக்கு எடமில்ல

ராஜா ராணி காலமெல்லாம் இல்லீங்க. ஒரு திங்கக்கெழம காலைல, மணி ஏழே முக்கால். எட்டு மணிக்கு ஸ்கூல் வேன் வந்துரும். ரெண்டாங்கிளாஸ் ஷைனி அப்பத்தான் காப்பி நோட்டை விரிச்சா. பின்னாடி அவ அம்மா ஜெசிந்தா சீப்போட ஒக்காந்து ரெட்டை ஜடை போட்டுக்கிட்டிருந்தா.

நோட்டுல மொத வரிய டீச்சர் முத்து முத்தா எழுதிக் குடுத்திருந்தாங்க: ‘பணம் வந்தால் பங்கு கொடு.’ அதப் பாத்து கீழ பத்து வரி எழுதணும்.

நாலு வார்த்தையும் பென்சில் முனையில வரிசை கட்டி நின்னாங்க. கடைசியில நின்னவன் கொடு. ரெண்டே எழுத்து, ஒல்லிப் பய. அவனுக்கு இருந்தது ஒரே ஆசைதான்: பத்து வரியிலயும் நாம இருக்கணும்.

ஷைனி என்ன பண்ணினா தெரியுமா? சின்ன வயசுல நீங்களும் நானும் பண்ணின அதே வேலைதான். வரி வரியா எழுதாம, ‘பணம்’, ‘பணம்’, ‘பணம்’னு மேலருந்து கீழ வரைக்கும் ஒரே வார்த்தையை எறக்கினா.

பணத்துக்குத் தலைகால் புரியல. அம்மா ஜடையை இழுக்க இழுக்க ஷைனி கையும் சேந்து இழுபட, ஒவ்வொரு பணமும் தனக்கு மேல இருந்தவனைவிடக் குண்டானான். பத்தாவது பணம் பாதி வரிய அடைச்சுக்கிட்டு, கல்யாணப் பந்தியில சம்மணம் போட்ட சம்பந்தி மாதிரி ஒக்காந்துட்டான்.

அப்புறம் வந்தால் எறங்கினான். அப்புறம் பங்கு. கொடு வந்தப்ப ஏழு வரியில எப்படியோ நொழைஞ்சுட்டான். எட்டாவதுல ஒத்தக்கால்ல நின்னான். ஒம்பதாவதுலயும் பத்தாவதுலயும் பேப்பரே முடிஞ்சுபோச்சு.

“பணம் அண்ணே, கொஞ்சம் ஒடுங்கி ஒக்காருங்களேன்.”

“யார்றா நீ?”

“இதே வரிதாண்ணே. கடைசி ஆளு.”

“ஜனங்க பாக்க வர்றது என்னையத்தான்டா. நீ இல்லாட்டி என்ன கொறைஞ்சிரும்?”

“அண்ணே, என் முதுகே நோட்டுக்கு வெளிய தொங்குது,”ன்னான் பங்கு.

“நான் நடுவுல மாட்டினவன், என்னைய விட்டுருங்கப்பா,”ன்னான் வந்தால்.

கொடுவுக்கு அழுகையா வந்துச்சு. வெளிய வேன்காரன் வேற ஹாரன் அடிச்சுட்டான்.

“எழுதிட்டியாடி? கடைசி வரியப் படி பாப்போம்,”னு அம்மா ரிப்பனைக் கட்டிக்கிட்டே கேட்டா.

“பணம் வந்தால் பங்கு...”

“பங்கா? என்னடி இது, உங்க பெரியப்பா சொத்து கேட்டு வாசல்ல நிக்கிற மாதிரில்ல இருக்கு!” அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கல.

ஷைனிக்கும் சிரிப்பு பொத்துக்கிச்சு. “ஐயய்ய, கொடு விட்டுப்போச்சும்மா! சண்டைக்குப் போற மாதிரியே இருக்கு.” ரப்பரைக் கையில எடுத்தா.

“ஏய், மரியாதை கெட்டுடும்! நான் யாரு தெரியும்ல?” குண்டுப் பணம் குதிச்சான்.

“தெரியும்ணே,”ன்னுச்சு ரப்பர். “எனக்கு எல்லாரும் ஒரே ருசிதான்.”

கடைசி ரெண்டு வரியையும் தேய்ச்சு, ‘ஃபூ’ன்னு ஊதினா ஷைனி. அத்தனை பெரிய பணம் தூளாப் பறந்து தரையில விழுந்துச்சு.

“வேன்காரன் கத்துறாண்டி!”

“இரும்மா, ரெண்டே வரி.”

இந்தத் தடவை அவ எடத்தைப் பாத்து, இந்த முனையிலருந்து அந்த முனைக்கு நாலு வார்த்தையையும் அடக்கமா எழுதினா. எல்லாரும் ஒக்காந்த பொறகும் ஒரு வெரல் எடம் மிச்சம். கொடு காலைக்கூட நீட்டிக்கிட்டான்.

நோட்டு பைக்குள்ள போய், வேன் கெளம்பினதும், எளைச்சுப்போன பணம் மெதுவா கொடு பக்கம் கழுத்தைத் திருப்பினான்.

“தம்பி, அந்த ஒடம்போட இருந்தப்ப எனக்குப் பின்னாடி ஆள் இருக்குறதே தெரியலடா.”