ஊசிப்பாறைப்பட்டி ஆடு தேடுவோர் சங்கம் கண்ட்ரோல் பேனல் தேர்ந்தெடுத்த கதை

ஊசிப்பாறைப்பட்டியில் புத்திசாலிகளுக்குக் குறைச்சலே இல்லை. நாலு பேர் இருந்தார்கள். அந்த நாலு பேரும் ஒரே சங்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டதால், மற்ற காரியங்களை ஊர்க்காரர்கள் சாதாரண ஆட்களை வைத்தே சமாளிக்க வேண்டியிருந்தது.

சங்கத்தின் பெயர் காணாமல் போன ஆடு தேடுவோர் சங்கம். யாருடைய ஆடாவது தொலைந்தால் அதன் போட்டோவைச் சங்கத்தின் வெப்சைட்டில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வருகிற தரகர்கள் செல்போனில் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டின் பல்லையே பார்ப்பார்கள். படத்தில் உள்ள ஆடு என்றால் கையை எடுத்துவிடுவார்கள். தலைவர் ஒச்சப்பன். செயலாளர் சீனிச்சாமி; கம்ப்யூட்டர் இருந்தது அவரிடம்தான், அதனால்தான் செயலாளர். உறுப்பினர்கள் இரண்டு பேர், கட்டக்காளையும் தவசிலிங்கமும்.

கதை தவசிலிங்கத்தைப் பற்றியது. புதன்கிழமை அவருடைய கிடா காணாமல் போனது. பெயர் துரை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, இடது காதில் ஒரு கிழிசல். தவசிலிங்கம் பிள்ளை இல்லாத மனிதர். ஒரு நல்ல சாப்பாட்டைத் துரைக்கு ஒரு வாய் கொடுக்காமல் சாப்பிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் படம் ஏறாவிட்டால் துரை யாரோ ஒருவர் வீட்டுக் குழம்பில் கிடப்பான்.

போதாத காலம், வெப்சைட்டுக்கு இதுவரை சும்மா இடம் கொடுத்திருந்த கம்பெனி அந்த வாரம்தான் கடையைச் சாத்தியிருந்தது. மதுரையில் வேறொரு கம்பெனிக்குப் போன் போட்டார்கள். ரெஜினா என்ற பெண் பேசினாள். தங்கமான பெண். அவளுக்கு வந்த சோதனையை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

"ஒரு பெரிய மெஷினைத் தடுப்பு வச்சுப் பிரிச்சு, அதுல ஒரு பாகத்தை உங்களுக்குத் தர்றோம் சார். அதுதான் உங்க சர்வர். பக்கத்துத் தடுப்புல யார் இருந்தாலும் உங்களுக்குச் சம்பந்தமில்ல."

"ஆட்டுப்பட்டி மாதிரி," என்றார் தலைவர்.

"அப்படியே வச்சுக்கங்க. ஆனா உள்ள வெறுமையா இருக்கும். கண்ட்ரோல் பேனல்னு ஒண்ணு போட்டாத்தான் நீங்க படம் ஏத்தலாம், எடுக்கலாம். மூணு பேனல் இருக்கு. படம் அனுப்புறேன். முதல்ல உங்க தேவை என்னன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. அது எதுல இருக்கோ அதை எடுங்க. ஒண்ணே ஒண்ணு, ரெண்டு பேனலை ஒண்ணாப் போட்றாதீங்க. அடிச்சுக்கும்."

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று படங்களையும் அச்செடுத்து வந்து சங்க அறையில் மாட்டினார்கள். அடித்துக்கொள்ளும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்ததால் ஒரு சுவருக்கு ஒன்றாக, எட்ட எட்ட மாட்டினார்கள். அப்படியும் நம்பிக்கை வராமல் கட்டக்காளை நடுவில் கம்போடு நின்றுகொண்டார்.

பிறகு தேவையை எழுதினார்கள். அரை மணி நேரம் யோசித்து, தவசிலிங்கம் சொல்லச் சொல்ல சீனிச்சாமி எழுதியது ஒரே வரி: 'வெள்ளைச் சுட்டி, கிழிந்த காது, பெயர் துரை.'

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார்கள். முதல் பேனலில் நூற்றுப் பதினாறு பொத்தான்கள் இருந்தன. துரை இல்லை. இரண்டாவதில் பொத்தான்கள் குறைவு, பட்டைகள் அதிகம். அதிலும் துரை இல்லை. மூன்றாவதில் ஒன்பதே பொத்தான்கள். கட்டக்காளை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மூணுலயும் இல்லப்பா. உன் ஆடு நெசமாவே தொலைஞ்சுதான் போச்சு," என்று தவசிலிங்கத்தின் தோளில் தட்டிக்கொடுத்தார். தவசிலிங்கம் அழுதார்.

தேவையை வைத்து முடியாதபோது ஓட்டெடுப்புதான் வழி. சந்தையில் விலை பேசுகிற மாதிரியே வைத்துக்கொள்வோம் என்றார் தலைவர். சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு விரல் பிடித்தால் முதல் பேனல், இரண்டு என்றால் இரண்டாவது, மூன்று என்றால் மூன்றாவது. ஒவ்வொருவராக வந்து தலைவரின் விரலைப் பிடித்தார்கள். கடைசியில் தலைவர் தன் விரலைத் தானே பிடித்துக்கொண்டார்.

"நாலு பேரும் ஒண்ணு போலப் பிடிச்சிருக்கோம். முடிவாயிருச்சு."

"எது தலைவரே?" என்றார் சீனிச்சாமி.

தலைவரின் முகம் மாறிவிட்டது. "ஏன்ப்பா, துண்டுக்குள்ள நடந்ததை வெளிய சொல்ற வழக்கம் நம்ம சந்தையில உண்டா?"

உண்மைதான். முடிவு ஏகமனதாக எடுக்கப்பட்டது. என்ன முடிவு என்பதுதான் வெளியே வரவில்லை. ரெஜினா போன் செய்து எந்தப் பேனல் என்று கேட்டதற்கு, "நேர்ல வாம்மா, விரலைப் பிடிச்சுச் சொல்றேன். துண்டு நான் தர்றேன்," என்றார் தலைவர்.

"சார், உங்க சைட்டுக்கு மூணாவதுதான் சரி. லேசானது, சுலபமானது. அதையே நான் போட்டுத் தந்துர்றேன்," என்றாள்.

தலைவர் போனை வைத்தார். பிறகு துண்டை எடுத்து வெளிச்சத்தில் விரித்து, எங்கே ஓட்டை என்று தேடினார்.

சனிக்கிழமை காலையில் பேனல் வந்துவிட்டது. பாஸ்வேர்டை அவர்களே வைக்க வேண்டும். ரெஜினா போனில் பொறுமையாகச் சொன்னாள்: "பன்னிரண்டு எழுத்து இருக்கணும். ஒரே இடத்துல எழுதி வைக்காதீங்க. யாருட்டயும் சொல்லாதீங்க. யார் கேட்டாலும், நானே கேட்டாலும் சொல்லாதீங்க."

நாலு பேர், ஆளுக்கு மூன்று எழுத்து. ஒரே இடத்தில் எழுதக் கூடாது என்பதால் நாலு துண்டுத்தாளில் எழுதினார்கள். மனதில் வைத்திருந்தால் தூக்கத்தில் உளறிவிடுவோம் என்று, எழுதிய கையோடு ஆளாளுக்குத் தன் எழுத்தை மறந்தும்விட்டார்கள். ஒருவர் தாளைப் பார்த்துத் தட்டும்போது மற்ற மூன்று பேர் சுவரைப் பார்த்து நின்றார்கள். தவசிலிங்கம் தன் மூன்றைத் தட்டியபோது திரையைக் கவனித்தார். எழுத்து எதுவும் தெரியவில்லை. கறுப்புக் கறுப்பாக உருண்டைப் புள்ளிகள்தான் வரிசையாக வந்தன.

பேனல் திறந்தது. அந்தச் சந்தோஷத்தில் நாலு பேரும் டீக்கடைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது அது மூடிக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டு சொல் என்று மறுபடி கேட்டது.

சீனிச்சாமி விரலை நீட்டினார். தலைவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பொறு. இப்ப யாரு கேக்குறது?"

"மெஷின் கேக்குது."

"யார் கேட்டாலும் சொல்லாதேன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சா இல்லையா?"

ரெஜினாவையே கேட்டார்கள். மெஷினுக்குத் தரலாம் என்றாள். தலைவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "சோதிச்சுப் பாக்குது. ஏமாந்துறாதீங்க," என்று மெல்லச் சொன்னார்.

மத்தியானம் ஆகிவிட்டது. விடிந்தால் சந்தை. அந்தத் தவிப்பில் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. "தலைவரே, சொல்லத்தானே கூடாது? வாயைக் கட்டிக்கிட்டு, சொல்லாமத் தட்டுவோம்."

இது எல்லோருக்கும் பிடித்துப்போனது. நாலு பேரும் துண்டால் வாயைக் கட்டுவது என்று முடிவாயிற்று. கட்டுவதற்கு முன் தலைவர் இன்னொரு ஓட்டையையும் அடைத்தார். போன தடவை ஒருவர் தட்டும்போது அவர் தன் தாளைத் தானே பார்த்துவிட்டார். அது பெரிய தப்பு. இந்த முறை தாள்கள் மேசை மேல் இருக்கட்டும், நாலு பேருமே சுவரைப் பார்க்க வேண்டும். நாலு சுவர் இருந்ததால் வசதியாகவும் இருந்தது.

அப்படியே நின்றார்கள். அறையில் அவ்வளவு ஒழுங்கு. தவசிலிங்கத்துக்கு முதுகுப்பக்கம் ஏதோ மெல்லுகிற சத்தம் கேட்டது. கட்டக்காளை வெற்றிலை போடுகிறார் என்று நினைத்துக்கொண்டார். வாயைக் கட்டிக்கொண்டு எப்படிப் போடுகிறார் என்ற சந்தேகம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது. திரும்பிப் பார்த்தார்.

மேசைப் பக்கத்தில் துரை நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சுட்டி, கிழிந்த காது, வாய் ஓரத்தில் நாலாவது தாளின் முனை. தவசிலிங்கம் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டபோது அந்த முனையும் உள்ளே போயிற்று.

"துரை! என் ராசா!" என்று துண்டுக்குள்ளேயே கதறினார். அவர் வாழ்நாளில் அதைவிட நல்ல நிமிஷம் வந்ததில்லை. கயிற்றைப் பிடித்துக் கிளம்பப் போனார்.

தலைவர் வாய்க்கட்டை அவிழ்த்தார். "எங்க ஓட்டுற? தொலைஞ்சுதுன்னு இன்னும் சைட்டுல ஏறல. ஏறாத ஆடு எப்படிக் கிடைக்கும்? முதல்ல தொலைஞ்சுதுன்னு போடணும், அப்புறம் கிடைச்சுதுன்னு போடணும், அப்புறம் ஓட்டிட்டுப் போ."

"அதுக்குப் பாஸ்வேர்டு வேணுமே."

"அது இப்ப இது வயித்துல இருக்கு," என்றார் கட்டக்காளை. அரிவாள் எங்கே என்று சுற்றிலும் தேடினார்.

தவசிலிங்கத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது. சீனிச்சாமி அதற்குள் திரையில் ஒரு வரியைக் கண்டுபிடித்திருந்தார். "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா, இங்கே அழுத்துன்னு போட்டிருக்கு. அழுத்தட்டுமா?"

"அழுத்துங்க, அழுத்துங்க!" என்றார் தவசிலிங்கம்.

"நில்லு," என்றார் தலைவர். "முழுப் பாஸ்வேர்டு நம்மள்ல யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாததை எப்படிப்பா மறக்க முடியும்? சங்கத்து மேல பொய்ப் பழி வர விடமாட்டேன்."

அதற்குள் கட்டக்காளைக்கு அரிவாள் கிடைத்துவிட்டது. அப்போதுதான் தவசிலிங்கத்துக்குக் காலையில் பார்த்த புள்ளிகள் ஞாபகம் வந்தன.

"அய்யா, கொஞ்சம் பொறுங்க! தட்டுனப்ப எழுத்தாவா தெரிஞ்சுது? கறுப்புக் கறுப்பா, உருண்டை உருண்டையாத்தானே வந்துச்சு? துரைகிட்ட எது போனாலும் அப்படித்தான் வெளிய வரும். விடியட்டும்!"

சங்கம் கூடி விவாதித்தது. வாதம் நியாயமானது என்று ஒத்துக்கொண்டது. தலைவர் தீர்ப்புச் சொன்னார்: விடிந்து எட்டு மணிக்குள் பன்னிரண்டும் தானாக வெளியே வந்தால் ஆடு தவசிலிங்கத்துக்கு. ஒன்று குறைந்தாலும் உள்ளே போய் எடுக்க வேண்டியதுதான். அதுவரை ஆடு வேறு எதையும் தின்னக் கூடாது; தின்றால் பாஸ்வேர்டோடு கலந்துவிடும். அறையைக் கூட்டிச் சுத்தம் செய்து, துரையை மேசைக் காலில் கட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஓடி வந்து தவசிலிங்கம் எண்ணினார். பதினொன்று.

திரும்ப எண்ணினார். மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டு எண்ணினார். பதினொன்றேதான். மற்ற மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். மணி ஏழரை. கட்டக்காளை அரிவாளைத் தீட்டுகிற சத்தம் தவசிலிங்கத்தின் பல்லில் கூசியது. ஒரு கை அகத்திக்கீரை கொடுத்தால் காரியம் முடிந்துவிடும், கொடுக்க வழியில்லை. துரையின் காதருகே உட்கார்ந்து கெஞ்சினார்.

"ஒண்ணே ஒண்ணுடா ராசா. உனக்கு நான் என்ன குறை வச்சேன்? ஒண்ணு போடுடா."

துரை அவர் சட்டைப் பொத்தானைச் சப்பினான். ஏழே முக்கால். எட்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது, வாலை லேசாகத் தூக்கினான். நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

'டொப்.' பன்னிரண்டு. தவசிலிங்கம் துள்ளிக் குதித்தார்.

'டொப்.' பதின்மூன்று.

துள்ளியவர் அப்படியே நின்றுவிட்டார். கட்டக்காளை அரிவாளோடு எழுந்தார். "பன்னிரண்டுக்கு மேல ஒண்ணு கூட வந்துருச்சே. கூட இருந்தாலும் பாஸ்வேர்டு தப்புதானே? அப்ப சரியானது இன்னும் உள்ளதான் இருக்கு."

தலைவர் தாடையைத் தடவினார். சீனிச்சாமி தலையை ஆட்டினார். தவசிலிங்கம் ஆட்டைப் பார்த்தார், அரிவாளைப் பார்த்தார், கடைசியில் கம்ப்யூட்டரைப் பார்த்தார். மனிதனுக்கு அறிவு எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

"தலைவரே, பாஸ்வேர்டு போட்டு முடிச்சதும் சீனிச்சாமி அண்ணன் கடைசியா ஒண்ணு தட்டுவாரே, பெரிய பொத்தான்?"

"ஆமா, என்டர்," என்றார் சீனிச்சாமி.

"பதின்மூணாவது அதுதான்."

கட்டக்காளை அரிவாளைக் கீழே வைத்தார். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எழுதுனது நாம, ஆனா என்டர் தட்டணும்னு அதுக்குல்ல தெரிஞ்சிருக்கு," என்று சொல்லி, தானே எழுந்து துரையின் கயிற்றை அவிழ்த்துத் தவசிலிங்கத்தின் கையில் கொடுத்தார்.

அந்த நேரத்தில் ரெஜினா போன் செய்தாள். "சார், பேனல் வேலை செய்யுதா? பாஸ்வேர்டைப் பத்திரமா வச்சிருக்கீங்கல்ல?"

"கவலையே படாதம்மா," என்றார் தலைவர். "யாரும் மிதிச்சுறக் கூடாதுன்னு கூடையைப் போட்டுக் கவுத்து வச்சிருக்கோம்."