கடைமடைக்கு முதல் தண்ணீர்

செம்மேடு என்றொரு குட்டி நாடு. பக்கத்துப் பெரிய நாடான பெருவளத்திலிருந்து தூதர் வந்து, இணைப்பு ஓலையை ராஜாவிடம் நீட்டினார்.

“இனி நாம் ஒரே நாடு. எல்லாம் எல்லாருக்கும் பொது. போடுங்கள் முத்திரையை!”

ராஜாவும் மயங்கி முத்திரையை எடுத்துவிட்டார். அப்போது, வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஒச்சப்பன் மண்வெட்டியோடு சபைக் கூட்டத்தைப் பிளந்து தூதர் முன் வந்தான்.

“சாமி, ஒன்னாயிட்டா உங்க ஆத்துக்கு நாங்கதானே கடைமடை? எங்க வழக்கத்துல கடைசி வயலுக்குத்தான் முதல் தண்ணி. பயிர் வாடுது. ஆத்துக்குக் குறுக்கே நீங்க கட்டின அணையைத் திறக்கச் சொல்லி ஓலையில ஒரு வரி சேருங்க!”

தூதர் துள்ளி எழுந்தார். “அதெப்படிடா? அது எங்கள் தண்ணீர்! எங்களுக்குப் போக மிஞ்சினால்தான் உங்களுக்கு!”

“கேட்டீங்களா மகாராஜா? முத்திரை விழுறதுக்கு முன்னாலேயே பாகம் பிரிச்சுட்டாரு!”

கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது. ராஜா முத்திரையை இடுப்பில் செருகிக்கொண்டு, “தூதரே, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்” என்றார்.