இருநூறு பொன்மொழிகள்

“டீச்சர், பொன்மொழி வர மாட்டேங்குது.”

படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் சிதம்பரநாதன் இதைச் சொல்லிவிட்டார். அவருக்கு வயது அறுபத்தொன்று. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சர் பிலோமினாவுக்கு முப்பத்தாறு. மாவு மில்லுக்கு மேலே ஓர் அறையில் வெப்சைட் செய்யக் கற்றுக்கொடுக்கிறவள்.

பிலோமினா அவருடைய லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் தனக்கென்று செய்து வைத்திருந்த முகப்புப் பக்கம் திறந்திருந்தது. மேலே கடிகாரம். அதன் கீழே இன்றைய வெயில். அதற்கும் கீழே ஒரு பொன்மொழி. பக்கத்திலிருக்கிற பொத்தானை அமுக்கும்போதெல்லாம் எங்கோ இருக்கிற ஒரு சர்வரை ஏபிஐ என்கிற இணைப்பு வழியாகக் கேட்கும். ஆயிரக்கணக்கில் குவித்து வைத்திருப்பதில் கைக்கு அகப்பட்ட ஒன்றை அது அனுப்பி வைக்கும். முதல் பொன்மொழி வந்த அன்று மனிதர் வகுப்புக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

இப்போது அந்த இடத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி. இன்றைக்குக் கேட்டது போதும், நாளைக்கு வா என்று அர்த்தம்.

“ஒரு நாளைக்கு இருநூறு தடவைதான் கேக்க முடியும் சார். நீங்க எத்தனை தடவை கேட்டீங்க?”

“நாலஞ்சு தடவை இருக்கும்.”

பிலோமினா பதிவுகளைத் திறந்து பார்த்தாள்.

“எட்டு பத்துக்கு ஆரம்பிச்சிருக்கு. எட்டு ஐம்பதுக்குள்ள இருநூறும் முடிஞ்சிருக்கு.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பொய் சொல்லி மாட்டிக்கொள்கிற வயசா அது?

“வேற பேர்ல ஒரு அக்கவுண்ட் போட்டுக் குடுங்க டீச்சர். மறுபடி வரும்ல?”

“வரும். எதுக்கு?”

“மூணு மணிக்கு டாக்டர் பதில் கேப்பாரு.”

அவர் மனைவி விசாலம் பத்தொன்பது நாளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. மூச்சை மெஷின்தான் விட்டுக்கொண்டிருந்தது. இனிமேல் தேறாது, மெஷினிலேயே வைத்திருக்கிறீர்களா, இல்லை வீட்டுக்குக் கூட்டிப் போகிறீர்களா என்று டாக்டர் நேற்றுக் கேட்டுவிட்டார். வீட்டுக்கு என்று டாக்டர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தமென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஊருக்கெல்லாம் எல்லைக்கல் நட்டுக் கொடுத்த மனிதர். யார் வந்து கத்தினாலும் கல் இங்கேதான் என்று ஒரே பேச்சாகச் சொன்னவர். அவருக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை.

“அதான் பொன்மொழியைக் கேட்டேன் டீச்சர். என்ன வருதோ அதைச் செஞ்சிடலாம்னு பார்த்தேன்.”

“என்ன வந்துச்சு?”

“விட்டுடுன்னு ஒண்ணு. பிடிச்சுக்கோன்னு ஒண்ணு. சிரிச்சா ஆயுசு கூடும்னு ஒண்ணு. என்னென்னமோ வந்துச்சு.”

“விட்டுடுன்னு வந்தப்ப என்ன பண்ணீங்க?”

“மறுபடி அமுக்கினேன்.”

“பிடிச்சுக்கோன்னு வந்தப்ப?”

“அப்பவும் அமுக்கினேன்.”

கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. மேஜை லேசாக அதிர்ந்தது.

“அவங்க என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள் பிலோமினா.

“யாரு?”

“உங்க வீட்டம்மா.”

“அவளுக்கு நினைவே இல்லையே டீச்சர்.”

“நினைவு இருந்தப்ப.”

சிதம்பரநாதனுக்கு முகம் மாறிப்போனது. பத்தொன்பது நாளாக மகளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று.

“தொண்டையில குழாய் போடறதுக்கு முன்னாடி என் கையைப் பிடிச்சுகிட்டு ஒண்ணு சொன்னா. காதுல விழாத மாதிரி நின்னுட்டேன்.”

சொல்லிவிட்டு அழுதார். பாவம், பெரிய மனிதர், சத்தம் வராமல் அழ அவருக்குத் தெரியவில்லை.

பிலோமினா ஆறுதல் சொல்லவில்லை. பக்கத்தின் புரோகிராமைத் திறந்தாள். சர்வரைக் கேட்கிற வரிகளை அழித்தாள். அந்த இடத்தில் ஒரு காலிப் பட்டியலைப் போட்டாள்.

“இனிமே வெளியில கேக்காது சார். இந்தப் பட்டியல்ல இருக்கறதுலேர்ந்துதான் எடுக்கும். அவங்க சொன்னதை இதுல போடுங்க. அவங்க சொன்ன மாதிரியே.”

அவர் ஒற்றை விரலால் தட்டினார். இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடி தட்டினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் அதைத் திரும்ப அவரிடமே தள்ளினாள்.

“அமுக்குங்க.”

அமுக்கினார்.

‘என்னை இங்க விட்டுடாதீங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க.’

மறுபடி அமுக்கினார். அதே வரி. இன்னொரு தரம் அமுக்கினார்.

“மாறவே மாட்டேங்குதே டீச்சர்.”

“இதுக்கு இருநூறுன்னு கணக்கெல்லாம் கிடையாது சார். எத்தனை தடவை வேணும்னாலும் அமுக்கலாம்.”

அவர் விரல் அந்தப் பொத்தான் மேலேயே இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் காத்துக்கொண்டிருந்த மகளைப் போனில் கூப்பிட்டார்.

“யமுனா, வீட்டுச் சாவி உங்கிட்டதானே இருக்கு? போய் அம்மா கட்டிலைத் தூக்கிக் கூடத்துல போடும்மா.”